முந்திப் பிறந்த இயந்திரங்கள் – 7: இழுத்தால் இறங்கும் திரை

1985 ஜூலை 23 மாலை. நியூயார்க் லிங்கன் சென்டரில் கமடோர் நிறுவனம் தன் புதிய கணினியை அறிமுகம் செய்கிறது. பெயர் அமிகா. மேடையில் ஓவியர் ஆண்டி வார்ஹால், எதிரே பாடகி டெபி ஹாரி. கேமரா பிடித்த டெபியின் முகம் திரையில் வந்து நிற்கிறது. வார்ஹால் மவுஸை நகர்த்தி அதன்மேல் வண்ணத்தைக் கொட்டுகிறார். ஓர் இடத்தைத் தொட்டால் அந்தப் பரப்பு முழுக்க நிறம் பாயும் வசதி அது. அதில் இன்னும் பிழை இருந்தது, தொட்டால் கணினியே விழுந்துவிடும் அபாயம் இருந்தது என்று அமிகாவின் கதையை எழுதியவர்கள் சொல்வார்கள். வார்ஹால் அதையேதான் திரும்பத் திரும்பத் தொட்டார். நல்லவேளை, கணினி விழவில்லை.

மானிட்டர் நீங்கலாக விலை 1,295 டாலர். மோட்டோரோலா 68000 பிராசஸர், வேகம் 7 மெகாஹெர்ட்ஸ் சொச்சம், நினைவகம் 256 கிலோபைட்.

இருபத்தைந்து வருடம் கழித்து, 2010 ஏப்ரலில் ஆப்பிளின் முதல் ஐபேட் கடைக்கு வந்தது. 1 கிகாஹெர்ட்ஸ் பிராசஸர், 256 மெகாபைட் நினைவகம். எண்ணைக் கவனியுங்கள். அங்கே 256 கிலோபைட், இங்கே 256 மெகாபைட்: சரியாக 1,024 மடங்கு. ஆனால் அமிகாவில் ஒரு சாளரத்தில் படம் வரைந்துகொண்டே, இன்னொன்றில் ஃபிளாப்பியை நகலெடுக்க விட்டுவிட்டு, மூலையில் ஒரு கடிகாரத்தையும் ஓடவிடலாம். முதல் ஐபேட்டில் வெளியார் எழுதிய எந்தச் செயலியாக இருந்தாலும், முகப்புப் பொத்தானை அழுத்திய கணமே அதன் கதை முடிந்தது.

வசதி ஆயிரம் மடங்கு கூடியபின் சுதந்திரம் குறைந்தது எப்படி? பழைய கணினிப் பிரியர்களைக் கேட்டால் ஆப்பிளின் கஞ்சத்தனம் என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். எனக்கு அது பாதி உண்மையாகத்தான் படுகிறது. மீதிப் பாதியைத் தெரிந்துகொள்ள அமிகாவின் வயிற்றுக்குள் போக வேண்டும்.

அமிகாவுக்கு மூலவர் ஜே மைனர். அடாரி 2600 விளையாட்டுப் பெட்டியில் படம் போடும் சில்லும், அடாரி 400, 800 கணினிகளின் சில்லுகளும் அவர் கைவண்ணம் கண்டவை. 68000 பிராசஸரை வைத்து ஒரு கணினி செய்ய வேண்டும் என்பது அவர் ஆசை. அடாரி செவிசாய்க்கவில்லை, மைனர் வெளியேறினார். 1982-இல் கலிஃபோர்னியாவின் சான்டா கிளாராவில் ஹை-டோரோ என்ற பெயரில் ஒரு சிறு நிறுவனம் முளைத்தது. அதில் பணம் போட்டவர்கள் ஃபுளோரிடாவின் பல் மருத்துவர்கள். கணினி வரலாற்றில் எனக்கு மிகப் பிடித்த விவரங்களில் இது ஒன்று. முதலீட்டாளர்கள் எதிர்பார்த்தது விளையாட்டுப் பெட்டியை, மைனரின் மனதில் இருந்ததோ கணினி. 1983-இல் அமெரிக்க வீடியோ கேம் சந்தை சரிந்து விழுந்ததும் மைனரின் கட்சி ஜெயித்தது, ஆனால் கையில் காசில்லை. அடாரியிடமே 5 லட்சம் டாலர் கடன் வாங்கினார்கள். கெடு முடிவதற்குள் கமடோர் குறுக்கே வந்தது, கடன் அடைந்தது, 1984-இல் நிறுவனமே கமடோருக்குக் கைமாறியது. முதல் அமிகாவின் மேல்மூடியைக் கழற்றிப் பார்த்தால் உட்புறத்தில் குழுவினரின் கையெழுத்துகள் வார்த்தெடுக்கப்பட்டிருக்கும். கூடவே மைனரின் நாய் மிட்சியின் பாதத் தடம்.

இந்த அத்தியாயத்துக்கு வேண்டியவர் அந்தக் கையெழுத்துகளில் இன்னொருவர், கார்ல் சாசன்ராத். இயங்குதளத்தின் கருவை எழுதியவர் அவர். அதற்கு எக்ஸெக் என்று பெயர். அன்றைக்கு ஐபிஎம் பிசியில் ஓடிய டாஸ், ஒரு நேரத்தில் ஒரு நிரலைத்தான் ஓட்டும். 1984-இல் வந்த மெக்கின்டாஷும் அப்படித்தான். பிறகு மெக்கில் பல நிரல்கள் சேர்ந்து ஓட வழி செய்தபோதும், ஒவ்வொரு நிரலும் தானாக மனமிரங்கி அடுத்ததற்கு வழிவிட வேண்டும் என்ற ஏற்பாடுதான் இருந்தது. ஒன்று அடம்பிடித்தால் எல்லாமே நின்றது. எக்ஸெக் யாருடைய தயவையும் எதிர்பார்க்கவில்லை. நேரம் முடிந்தால் பிராசஸரை நிரலிடமிருந்து பிடுங்கி அடுத்ததிடம் கொடுத்தது.

ஒவ்வொரு வேலைக்கும் −128 முதல் 127 வரை ஒரு முன்னுரிமை எண். சாதாரண நிரலுக்கு 0. மவுஸையும் விசைப்பலகையையும் கவனிக்கும் வேலைக்கு 20. அதனால் கணினி எவ்வளவு திணறினாலும் மவுஸ் அம்பு வழுக்கிக்கொண்டே போகும். அம்பை வரையும் பொறுப்பும் பிராசஸருக்குக் கிடையாது, தனிச் சில்லு பார்த்துக்கொள்ளும். தொடுதிரைக்காரர்கள் பின்னாளில் விரலின் அசைவுக்கு முதல் மரியாதை கொடுத்தார்களே, அதே எண்ணம்.

கோப்புகளைக் கையாளும் பகுதி மட்டும் இரவல் சரக்கு. தாங்களே எழுதத் தொடங்கியது காலத்தில் முடியாது என்று தெரிந்ததும், கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் பிறந்த டிரைபாஸ் என்ற அமைப்பை, இங்கிலாந்தின் மெட்டாகோம்கோ நிறுவனம் வழியாகக் கொண்டுவந்து ஒட்டினார்கள். ஒட்டுப்போட்டது கடைசிவரை தெரிந்தது. நிரல் எழுதியவர்கள் அதைத் திட்டாத நாளில்லை.

இனி திரை. அமிகாவை ஒருமுறை பார்த்தவர்கள் எதை மறந்தாலும் இதை மறக்க மாட்டார்கள். ஒரு நிரலின் சாளரங்கள் முழுத்திரையில் விரிந்து கிடக்கின்றன. உச்சியில் இருக்கும் பட்டையை மவுஸால் பிடித்துக் கீழே இழுக்கிறீர்கள். சாளரம் நகரவில்லை, திரையே இறங்குகிறது. அதன் பின்னாலிருந்து இன்னொரு நிரலின் திரை தலைகாட்டுகிறது. மேல்பாதியில் 320 புள்ளி அகலமும் 32 வண்ணமும் கொண்ட ஓவியம், கீழ்ப்பாதியில் 640 புள்ளி அகலத்தில் நான்கே வண்ணங்களில் எழுத்து. ஒரே கண்ணாடிக் குழாயில் இரண்டு வெவ்வேறு நுணுக்கங்கள், ஒரே நேரத்தில்.

இது எப்படி நடந்தது? பழைய மானிட்டரில் எலெக்ட்ரான் கற்றை மேலிருந்து கீழாக வரிவரியாகப் படத்தை எழுதிக்கொண்டு வரும். அமிகாவின் சில்லுகளுக்குள் காப்பர் என்று ஒரு குட்டிப் பிராசஸர் உண்டு. அதற்குத் தெரிந்தது மூன்றே கட்டளைகள்: இந்த வரி வரும்வரை காத்திரு, இந்த எண்ணை அந்த இடத்தில் எழுது, அடுத்ததைத் தாண்டிப்போ. கற்றை 120-ஆவது வரிக்கு வந்ததும் காப்பர் விழித்துக்கொள்ளும். வண்ணங்களையும் அகலத்தையும் படம் கிடக்கும் முகவரியையும் மாற்றி எழுதும். அடுத்த வரியிலிருந்து வேறு உலகம். திரையை இழுக்கும்போது பிராசஸர் ஒரு புள்ளியைக்கூட நகர்த்துவதில்லை. காப்பர் காத்திருக்கும் வரியின் எண் மட்டும் மாறுகிறது. இத்தனையையும் மாற்றி எழுதக் காப்பருக்கும் கொஞ்சம் நேரம் பிடிக்கும் அல்லவா, அதனால் இரண்டு திரைகளுக்கும் நடுவே மெல்லியதாக ஒரு வெற்றுக் கோடு விழும். அந்தக் கோட்டைக் குறை என்று யாரும் சொன்னதில்லை. சாளரங்களையும் திரைகளையும் நிர்வகித்த இன்ட்யூஷன் என்ற பகுதியை எழுதியவர் ஆர். ஜே. மைக்கல். மட்டமான தொலைக்காட்சிப் பெட்டியில் பார்த்தாலும் எழுத்து தெரிய வேண்டும் என்பதற்காகத்தான் கண்ணைக் குத்தும் அந்த நீலத்தையும் ஆரஞ்சையும் தேர்ந்தெடுத்தார்கள். அழகு என்று நான் சாதிக்க மாட்டேன்.

இவ்வளவும் செய்த கணினி அடிக்கடி செத்தது. அதை மறைத்தால் வரலாறாகாது. கறுப்புத் திரையில் சிவப்புக் கட்டம் மினுங்கும். உள்ளே குரு மெடிட்டேஷன் என்ற சொற்களும் ஒரு நீண்ட எண்ணும். அமிகா குழு ஆரம்பத்தில் ஜாய்போர்டு என்ற விளையாட்டுச் சாதனத்தையும் விற்றது. அதன்மேல் ஏறி நின்று உடலைச் சாய்த்து ஆட வேண்டும். இயங்குதளம் விழும்போதெல்லாம் நிரலாளர்கள் அந்தப் பலகைமேல் அசையாமல் சம்மணமிட்டு உட்கார்ந்து மனத்தை ஆற்றிக்கொண்டார்களாம். அந்தக் கேலிதான் பிழைச் செய்தியின் பெயராயிற்று. விற்பனைக்கு வந்த கணினியிலும் அது நீடித்தது.

ஏன் விழுந்தது என்பதில்தான் இந்த அத்தியாயத்தின் சாரம் இருக்கிறது. 68000 பிராசஸரில் ஒரு நிரலின் நினைவகத்தை இன்னொரு நிரல் தொடாமல் காக்கும் வன்பொருள் கிடையாது. எல்லா நிரல்களும், இயங்குதளமும், சுவரே இல்லாத ஒரே கூடத்தில் குடியிருந்த கூட்டுக்குடும்பம். யாரும் யாருடைய தட்டிலும் கைவைக்கலாம். எக்ஸெக் இந்தச் சுவரின்மையைச் சகித்துக்கொண்டதோடு நிற்கவில்லை, அதையே மூலதனமாக்கியது. ஒரு நிரல் இன்னொன்றுக்குச் செய்தி அனுப்பும்போது செய்தியின் ஓர் எழுத்துகூட நகலாகாது. நினைவகத்தில் அது கிடக்கும் முகவரியை மட்டும் எடுத்துப் பெறுபவரின் வரிசையில் சேர்த்துவிடும். எத்தனை பெரிய செய்தியானாலும் ஒரே செலவு, ஏறக்குறைய பூஜ்யம். 7 மெகாஹெர்ட்ஸில் அமிகா பறந்ததன் ரகசியம் இது. பெறுபவர் அந்த முகவரியில் தவறாக எழுதினால் அனுப்பியவரும் சேர்ந்து கவிழ்வார், சில சமயம் எக்ஸெக்கும். வேகமும் நோஞ்சான்தனமும் ஒரே வேரிலிருந்து வந்தவை. ஒன்றை வெட்டினால் மற்றதும் போய்விடும்.

ஐபேட்டின் வம்சாவளி வேறு. மெக்கின்டாஷும் பல வருடம் சுவரில்லாத கூடத்தில்தான் காலம் தள்ளியது. சொந்தமாகப் புது இயங்குதளம் எழுதும் முயற்சி தோற்றபின், 1996 டிசம்பரில் ஸ்டீவ் ஜாப்ஸின் நெக்ஸ்ட் நிறுவனத்தை ஆப்பிள் வாங்கியது. நெக்ஸ்டின் இயங்குதளம் யூனிக்ஸ் வழி வந்தது. ஒவ்வொரு நிரலுக்கும் தனி நினைவகம், எக்ஸெக்கைப் போலவே நேரத்தைப் பிடுங்கிக் கொடுக்கும் அமைப்பு, இரண்டும் அதில் இருந்தன. அதுதான் மெக்கின் இயங்குதளமாகி, அங்கிருந்து சுருங்கி 2007-இல் ஐஃபோனுக்குள் நுழைந்து, 2010-இல் ஐபேட்டுக்கு வந்தது. ஆகவே முதல் ஐபேட்டுக்குப் பல வேலைகளை ஒரே சமயத்தில் செய்யத் தெரியும், பிறவியிலேயே தெரியும். ஆப்பிளின் சொந்தச் செயலிகள் பின்னணியில் பாட்டுப் பாடின, அஞ்சலைக் கொண்டுவந்தன. வெளியாருக்குத்தான் அனுமதி இல்லை.

இந்த அனுமதி மறுப்புக்குக் காரணங்கள் உண்டு. மேசைக் கணினியில் நினைவகம் நிரம்பினால் மிச்சத்தை வட்டுக்குத் தள்ளலாம். ஆப்பிள் அன்று தன் கைக்கருவிகளில் அதைச் செய்யவில்லை. நினைவகம் போதாவிட்டால் ஏதோ ஒரு செயலியைக் கொல்வது ஒன்றே வழியாக இருந்தது. பேட்டரி இன்னொரு காரணம். பின்னணியில் சும்மா சுற்றும் ஒரு நிரல் போதும், மாலைக்குள் கருவி அணைந்துபோக. 2010 ஏப்ரலில் ஜாப்ஸ் ஒரு பாதி வழியை அறிவித்தார். செயலியை விட்டு வெளியே வந்தால் அது சாகாது, உறைந்து கிடக்கும். இசை, இருப்பிடம் போன்ற சில வேலைகளுக்கு மட்டும் பின்னணியில் சலுகை. எந்த நிரல் ஓடுகிறது என்று பயனர் பட்டியல் பார்த்து மூடும் நிலை வந்தால் வடிவமைத்தவர் தோற்றார் என்பது அன்று அவர் கட்சி. ஐபேட்டுக்கு இந்தச் சலுகை வர நவம்பர் ஆயிற்று.

உறைதல் என்பது நாகரிகமான ஏமாற்று. நீங்கள் திரும்பி வரும்போது செயலி விட்ட இடத்திலேயே நிற்கும். நடுவில் நினைவகப் பஞ்சத்தில் அது கொல்லப்பட்டிருக்கலாம்; அப்போதும் தான் சாகவே இல்லை என்பதுபோல் எழுந்து நடிக்க வேண்டும். குறிப்பு எழுதுபவருக்கு இந்த நாடகம் தெரியாது. ஒரு மணி நேரக் காணொளியை ஏற்றுமதிக்குப் போட்டுவிட்டு அஞ்சல் பார்க்கப் போனவருக்குத் தெரியும்.

பிறகு ஆப்பிள் படிப்படியாக இறங்கி வந்தது. 2015-இல் திரையை இரண்டாகப் பிளந்து இரு செயலிகள். 2017-இல் கோப்புகளைப் பார்க்க ஒரு செயலி, ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு இழுத்துப் போடும் வசதி. 2020-இல் மவுஸ். ஆண்ட்ராய்டு டேப்லெட்டுகளில் பின்னணி வேலைகளுக்கு ஆரம்பம் முதலே தாராளம் இருந்தது, ஆனால் அதன் பொது வெளியீட்டில் பிளவுத்திரை வந்தது 2016-இல்தான். 2022-இல் ஐபேட்டில் ஒன்றன்மேல் ஒன்று ஏறும் சாளரங்கள் வந்தபோது பெரிய சச்சரவு. எம்1 சில்லு இல்லாத ஐபேட்டில் அது ஓடாது என்றது ஆப்பிள்.

256 கிலோபைட்டில் அமிகா செய்ததை 8 கிகாபைட் கேட்கிறாயே என்ற கிண்டல் அப்போது கிளம்பாமல் இருக்குமா? கணக்குப் பார்ப்போம். அமிகாவில் 640-க்கு 200 புள்ளி, நான்கு வண்ணத் திரை பிடிக்கும் இடம் 32,000 பைட். 12.9 அங்குல ஐபேட் ப்ரோவின் திரையில் 2732-க்கு 2048 புள்ளிகள், புள்ளிக்கு 4 பைட். ஒரு முழுத்திரைப் படத்துக்கு 22 மெகாபைட்டுக்கு மேல். சுமார் 700 மடங்கு. ஒவ்வொரு சாளரமும் தன் முழுப் படத்தைத் தனியே வைத்திருக்க வேண்டும், நகரும்போது நொடிக்கு 120 முறை கலந்து வரைய வேண்டும். அதற்கு மேல், சுவர் எழுப்பிய வீட்டில் ஒவ்வொரு அறைக்கும் தனித்தனிச் சாமான். அமிகாவில் முகவரியைத் தூக்கிக் கொடுத்தது போல இங்கே கொடுக்க முடியாது, சுவருக்கு அந்தப் பக்கம் அந்த முகவரிக்குப் பொருளே இல்லை. ஆண்ட்ராய்டில் செயலிகளுக்கிடையே செய்தி சுமக்கும் பைண்டரைப் பாருங்கள்: ஒரு முறையாவது நகலெடுத்தே ஆக வேண்டும், அந்த ஒரே நகலோடு நிறுத்தியதைத்தான் அதன் சாமர்த்தியம் என்பார்கள். ஆகவே கிண்டல் முழு நியாயம் இல்லை.

அதற்காக ஆப்பிளையும் முழுசாக விடுவிக்க முடியாது. எதிர்ப்பு கிளம்பியதும் அதே 2022-இல் 2018, 2020 ஐபேட் ப்ரோக்களுக்கும் அந்த வசதியைத் திறந்துவிட்டார்கள். 2025 செப்டம்பரில் வந்த ஐபேட் ஓஎஸ் 26-இல் சாளரங்கள் 3 கிகாபைட் நினைவகமும் ஏ12 சில்லும் கொண்ட எளிய ஐபேட்டுக்குக்கூடக் கிடைத்தன. மூன்று வருடத்துக்கு முன் ஆகவே ஆகாது என்றது எப்படி ஆயிற்று? வன்பொருள் அதேதான். காணொளி ஏற்றுமதி போன்ற நீண்ட வேலைகள் செயலியை விட்டு வெளியேறியபின்னும் ஓட வழி பிறந்ததும் இந்தப் பதிப்பில்தான். இன்னொரு வேடிக்கை: மேல்விளிம்பிலிருந்து விரலை இழுத்தால் அதுவரை மறைந்திருந்த மெனுப் பட்டை இறங்கும். அமிகாவிலும் மெனு மறைந்தே இருக்கும், மவுஸின் வலப் பொத்தானை அழுத்திப் பிடித்தால்தான் உச்சியில் தோன்றும்.

அமிகாவிடம் இருந்து டேப்லெட்டுகள் இன்றுவரை முழுதாகப் பெறாத ஒன்றும் உண்டு. 1987-இல் வில்லியம் ஹாஸ் எழுதி, பின்னர் இயங்குதளத்தோடே சேர்ந்து வந்த ஏரெக்ஸ் மொழி. ஒரு நிரல் தனக்குத் தெரிந்த கட்டளைகளைத் தன் வாசலில் எழுதித் தொங்கவிடும். வெளியிலிருந்து யார் வேண்டுமானாலும் அவற்றைச் சொல்லி வேலை வாங்கலாம். படங்களைத் திருத்தும் ஆர்ட் டிபார்ட்மென்ட் ப்ரொஃபெஷனலை இப்படி வெளியிலிருந்தே ஓட்டலாம். நூறு படங்களைத் திறந்து, சுருக்கி, சேமிக்கச் சொல்லிச் சில வரிகள் எழுதிவிட்டு நீங்கள் வேறு சாளரத்தில் வேலை பார்க்கலாம். வெவ்வேறு நிறுவனங்கள் செய்த நிரல்கள் இப்படி ஒன்றையொன்று ஏவின. ஐபேட்டில் 2018 முதல் இருக்கும் ஷார்ட்கட்ஸ் இதற்குத் தூரத்துச் சொந்தம். செயலியை எழுதியவர் கதவைத் திறந்த அளவுக்குத்தான் அது உள்ளே போகும், அந்தக் கதவுகளும் பெரும்பாலும் ஒருக்களித்தே இருக்கின்றன.

கமடோர் 1994 ஏப்ரல் 29 அன்று கடையை மூடியது. சில்லுகளைப் புதுப்பிக்கக் காசு செலவிடாதது, யாருக்கு விற்கிறோம் என்ற தெளிவின்மை என்று அதற்குக் காரணங்கள் தனி அத்தியாயத்துக்கு இருக்கின்றன. அமிகாவின் இயங்குதளம் மட்டும் அடங்கவில்லை. உரிமை பலர் கைமாறி, வழக்குகளில் இழுபட்டு, 2021-இல்கூட 3.2 என்ற புதிய பதிப்பு பழைய கணினிகளுக்காக வெளிவந்தது. இடைப்பட்ட காலத்தில் நினைவகத்தைக் காக்கும் வன்பொருள் மலிந்துவிட்டது, அதைப் பயன்படுத்தச் சிலர் முயன்றும் பார்த்தார்கள். 1985 முதல் எழுதப்பட்ட நிரல்கள் எல்லாமே அடுத்தவர் நினைவகத்தின் முகவரியைக் கையில் வைத்துக்கொண்டு பேசுபவை. நடுவில் சுவர் வைத்தால் அவற்றில் ஒன்றும் ஓடாது. அதனால் 3.2-இலும் சுவர் இல்லை.